‘ஐசி எடு’ என்று சிரித்தவர்கள்

என் கணவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது நான்தான். அவர் வஹகோட்டைப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர். இராணுவத்தில் சாதாரணச் சிப்பாயாக இருந்தவர். நான் மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தமிழ்ப் பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கும் ஆசிரியையாக வந்தவள். பங்குக் கோவிலின் இளைஞர் கூட்டத்தில் பேசிப் பழகினோம். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. சண்டை இனி வராது என்று நாடே நம்பியது, நாங்களும் நம்பினோம். “ஆமிக்காரனா?” என்று முகம் சுளித்த என் அம்மாவும், “சரி, சண்டதான் முடிஞ்சிருச்சே” என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு கல்யாணத்துக்குச் சம்மதித்தார்.

லீவில் வரும்போதெல்லாம் அவர் குசினியில் வந்து உட்கார்ந்துகொண்டு, “இதுக்குத் தமிழ்ல என்ன?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். முதலில் சட்டி, அகப்பை, உப்பு, புளி. பிறகு வேலைக்குத் தேவையானவை. நில் என்று எப்படிச் சொல்வது, அடையாள அட்டையைக் காட்டு என்று எப்படிச் சொல்வது. நான் எல்லாவற்றையும் ‘ங்க’ போட்டே சொல்லிக்கொடுத்தேன். நில்லுங்க. எடுங்க. காட்டுங்க. போயிட்டு வாங்க. ‘ங்க’ இல்லாமலும் தமிழ் உண்டு என்பதே அவருக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன். அதனால் எங்கள் வீட்டு நாயையும் “அங்கிட்டு போங்க” என்றுதான் விரட்டுவார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அது நல்ல சிரிப்பு. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்குச் சிரிக்கத் தெரியாது, எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உலாவுகிறது. எனக்கு நன்றாகவே சிரிக்கத் தெரியும்.

மகள் பிறந்து கொஞ்ச நாளில் சண்டை திரும்பவும் தொடங்கியது. அவரை வவுனியாப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் போட்டார்கள். தமிழ் தெரிந்தவர் என்பதால் முன்னால் நிற்க வைத்தார்கள். கூட இருந்தவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ரேடியோ’. இரண்டு மொழியிலும் ஓயாமல் பேசுகிறாராம். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. லீவு கிடைத்தால் அது ‘பெயில்’, மறியலில் இருந்து பிணையில் வருவது மாதிரி. பக்கத்தில் விழுந்து வெடிக்கும் ஷெல் ‘விருந்தாளி’. தண்ணீர் ஒழுகும் காவலரண் ‘ஹோட்டல்’. செத்தவர்களை மூடி முத்திரையிட்ட பெட்டியில் ஊருக்கு அனுப்புவார்கள், திறந்து பார்க்க விடமாட்டார்கள். அதற்குப் பெயர் ‘பார்சல்’. “பெயில்ல வாறதா, பார்சல்ல வாறதான்னு இன்னும் தெரியல” என்று அவர் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்ன நாளில், எனக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. கடையில் பார்சல் கட்டிக்கொண்டு வரப்போகிறார் என்று நினைத்து, “ஒண்ணும் வாங்காதீங்க, வீட்டுலேயே சமைப்போம்” என்று சொன்னேன். “சரி, சமைச்சு வைங்க” என்றார்.

அம்மாவுக்கும் அப்படி ஒன்று நடந்தது. சிங்களத்தில் ‘பருப்பு சாப்பிட்டோம்’ என்றால் நன்றாக அடிபட்டோம், மாட்டிக்கொண்டு முழித்தோம் என்று பொருள். தோட்டத்தை விட்டு அதிகம் வெளியே போகாத அம்மாவுக்கு அந்தப் பேச்செல்லாம் தெரியாது. ஒரு நாள் என்னிடம் வந்திருந்தபோது தொலைபேசியை வாங்கி, மருமகனிடம் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் நலம் விசாரித்தார். அவர், “நேத்து செமையா பருப்பு சாப்பிட்டோம், அம்மா” என்று சொல்லியிருக்கிறார். அம்மா சந்தோஷமாகத் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். “நல்லா சாப்புடுறாருடி. பருப்பு போடுறாங்களாம்.” அந்த முந்தின நாளில் அவர்களுடைய முகாமில் மூன்று பேர் செத்திருந்தார்கள். எனக்கு அது தெரிய வந்தபோது அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் அக்கம்பக்கத்து லயமெல்லாம் போய், தன் மருமகனுக்கு ஆமியில் நல்ல சாப்பாடு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தச் சிரிப்பையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. சாவுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவன் சாவுக்கு எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஆத்திரம் வந்தது ஊரில் இருந்தவர்கள் மேல்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் இருந்தது பல்லேபொலப் பக்கம், அவருடைய குடும்பக் காணியில். அங்கிருந்து காலையில் பஸ் ஏறி மாத்தளைக்குப் பாடசாலைக்குப் போவேன். பஸ்ஸில் ஏறினால் வானொலிச் செய்தி. செய்தி முடிந்ததும் கண்டக்டர் பின்னால் திரும்பிக் கேட்பான்: “இன்னைக்கு ஸ்கோர் என்ன?” யாராவது ஒருவர் செத்தவர்களின் தொகையைச் சொல்வார். அவர்கள் பக்கம் இத்தனை, எங்கள் பக்கம் இத்தனை. கிரிக்கெட் கேட்பதைப் போலவே கேட்டார்கள். சண்டை நடந்த பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்க்காத மனிதர்கள், எந்தக் காட்டை எந்தப் பக்கத்தால் சுற்றி வளைக்க வேண்டும் என்று பாண் வாங்கப் போகிற இடத்தில் விளக்குவார்கள். நான் யன்னல் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அந்தத் தொகையில் ஒரு பக்கத்தில் என் கணவர் இருக்கலாம். மறுபக்கத்தில் என் சித்தி குடும்பம் இருக்கலாம். அம்மாவின் தங்கச்சி, முன்னொரு கலவரத்தில் தோட்டத்தை விட்டு அடித்து விரட்டப்பட்டுப் போய், கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்தவர். இரண்டு பக்கத்துத் தொகையையும் கேட்டுக்கொண்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு, மாத்தளை வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் சந்தியில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த முதலாளி, கடையின் தொலைக்காட்சியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார். எந்த ஊரைப் பிடித்தாலும் அவர் கடை வாசலில்தான் பட்டாசு. கூரைத் தகரமும் சீமெந்தும் விற்கிற மனிதர், உருமறைப்புத் துணியில் தைத்த தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பார். லீவில் வருகிற சிப்பாய்களைக் கூப்பிட்டு வைத்துத் தேநீர் கொடுத்து, அவர்கள் பேசுகிற பேச்சையெல்லாம் பிடித்துக்கொள்வார். பிறகு அதையே தன் பேச்சாகப் பேசுவார். கடையில் வேலை செய்கிற ஒருவன் ஒரு நாள் வராவிட்டால், “அவன் பெயில்ல போயிட்டான்” என்பார். என் கணவர் உயிரைப் பிடித்துக்கொண்டு சொன்ன சொல், இவர் வாயில் ஆணிக்கணக்கோடு சேர்ந்து புரண்டது.

அப்போதுதான் அந்த ‘ஐசி எடு’ வந்தது. அடையாள அட்டையை எங்கள் பக்கம் ஐசி என்போம். மாத்தளை பஸ் நிலையத்தில் ஊர்காவல் இளைஞர்கள் சோதனைக்கு நின்றார்கள். மகளுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நெற்றியில் பொட்டு இல்லாவிட்டாலும், குழந்தையிடம் நான் தமிழில் பேசியது ஒருவன் காதில் விழுந்துவிட்டது. சிங்கள இளைஞன், ஆனால் தமிழிலேயே கத்தினான்.

“ஏய்! வா இங்க! ஐசி எடு!”

ஒரு கையில் குழந்தை, மறு கையில் பை. பையைக் கீழே வைத்துத் துழாவினேன். அவன் அவசரப்படுத்தவில்லை, பக்கத்தில் நின்ற முச்சக்கர வண்டிக்காரர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “எடு, எடு, எடு” என்று தாளம் போட்டான். அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் அட்டையைக் கொடுத்துவிட்டுச் சிங்களத்தில், “என் கணவரும் ஆமியில்தான் இருக்கார். வவுனியாவுல” என்றேன். அவன் அட்டையைத் திருப்பித் தந்தான். ஆனால் முச்சக்கர வண்டிக்காரர்கள் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சேலை கட்டிய தமிழ்ப் பெண் யார் போனாலும் பின்னாலிருந்து ஒரு குரல், “ஏய், ஐசி எடு!” திரும்பிப் பார்த்தால் எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். தோட்டத்திலிருந்து வருகிற பெண்கள் பலர் அது நிஜமான சோதனை என்று பயந்து நின்று பையைத் திறந்தார்கள். அதுதான் அவர்களுக்கு விளையாட்டு.

அடுத்த தடவை அவர் தொலைபேசியில் பேசியபோது ஆத்திரத்தோடு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முதலில் சிரித்தார். சிரித்துவிட்டு நிறுத்தினார்.

“அது நம்ம தமிழ்” என்றார்.

“என்ன?”

“இங்க ஆட்களுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். எடுங்க, வாங்கன்னுதான் சொல்லிக் குடுத்தேன். அவனுங்க ‘ங்க’வ விட்டுட்டானுங்க. லீவுல போற எவனோ அத ஊருக்குக் கொண்டு போயிருக்கான்.”

எனக்கு அழுவதா, தொலைபேசியை எறிவதா என்று தெரியவில்லை. நான் குசினியில் வைத்து மரியாதையோடு கொடுத்த சொல், வவுனியா வரை போய், மரியாதையை அங்கே கழற்றிப் போட்டுவிட்டு, மாத்தளை பஸ் நிலையத்தில் என் முகத்தில் வந்து விழுந்திருக்கிறது. அடுத்த வாரம் பாடசாலையில் இடைவேளையின்போது என் மாணவர்களே அதை விளையாடினார்கள். தமிழ்ப் பிள்ளைகள். ஒரு பிள்ளை தடியைத் தோளில் வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, “ஐசி எடு” என்றது. நான் தடியைப் பிடுங்கி எறிந்தேன். ஏன் திட்டுகிறேன் என்று அதுகளுக்கு விளங்கவே இல்லை.

கடைசிக் காலத்தில் அவரை முன்னரங்குக்கு அனுப்பினார்கள். அங்கே மிதிவெடியில் இடது பாதம் போயிற்று. கொழும்பு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, “இனி செருப்புக் கடையில பாதி விலைதான் குடுப்பேன்” என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு வலது பாதம் இல்லை. “நானும் இவரும் சேந்து ஒரு சோடி வாங்குவோம், மிஸ்” என்றார் அவர். அவர் வில்கமுவ ஆள், வயல்காரர், முன்னரங்கில் இவரோடு ஒரே காவலரணில் இருந்தவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வெளியே போய் அழுதேன்.

சண்டை முடிந்த அன்று எங்கள் சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். பஸ்ஸை மறித்துக் கொடுத்தார்கள். ஹாட்வெயார் முதலாளி என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “இது நம்ம வீரரோட நோனா, இவங்களுக்குப் பெரிய துண்டு” என்று வாழையிலையோடு கையில் வைத்தார். சித்தி குடும்பத்தைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாத நேரம். அம்மா தோட்டத்தில் சாப்பிடாமல் கிடந்தார். கையில் பாற்சோற்றை வைத்துக்கொண்டு, எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்க, நான் ஒரு வாய் தின்றேன். தின்னாமல் இருக்க முடியாது. அந்தச் சந்தியில் அன்றைக்கு எந்தத் தமிழச்சியாலும் முடியாது. சித்தியும் அவருடைய ஒரு மகளும் அகதி முகாமில் இருப்பது பல வாரங்கள் கழித்துத் தெரிந்தது. மற்ற இரண்டு பிள்ளைகளும் சித்தப்பாவும் இல்லை.

வருடங்கள் போயின. மகள் வளர்ந்து பல்கலைக்கழகம் போகிறாள். கணவர் பொய்க்காலோடு மிளகுக் கொடியும் கோழியும் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வருடமும் இறந்த சிப்பாய்களை நினைத்து ஒரு கூட்டம் வைப்பார்கள். மேசையில் படங்களை வைத்து மாலை போட்டு, விளக்கேற்றி, பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மாமாரை வெள்ளைச் சேலையோடு முன்வரிசைக் கதிரைகளில் உட்கார வைத்து, பேச்செல்லாம் முடிந்த பிறகு ‘கலை நிகழ்ச்சி’ என்று ஒன்று நடக்கும். அதில் என் கணவருக்கு ஒரு இடம் உண்டு. பருப்பு, ஹோட்டல், விருந்தாளி, பாதி விலைச் செருப்பு என்று பழைய கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். அந்த அம்மாமாரும் சிரிப்பார்கள். தங்கள் பிள்ளைகள் எப்படிச் சிரித்தார்கள் என்று கேட்பதற்காகவே அவர்கள் வந்தார்கள் என்று நினைக்கிறேன். அதனால் நானும் போய் உட்கார்ந்திருப்பேன்.

போன வருடக் கூட்டத்துக்கு ஹாட்வெயார் முதலாளிதான் தலைவர். இப்போது அவருக்கு இரண்டு கடைகள். அன்று மகளும் லீவில் வந்திருந்தாள். கணவரின் பெயரை அழைப்பார்கள் என்று பார்த்தால், முதலாளியே மைக்கைப் பிடித்துக்கொண்டு, “முதல்ல நான் ஒண்ணு செய்யப்போறேன். யாரும் சிரிச்சு விழுந்தா நான் பொறுப்பில்ல” என்றார். யாரோ ஒரு பெண்ணின் சால்வையை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டார். கடையில் வேலை செய்கிற ஒருவர் விளக்குமாற்றைத் துவக்காகப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார்.

“ஏய்! வா இங்க! ஐசி எடு!”

முதலாளி இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்து வந்து, மூக்கால் “ஐயோ தொரே, ஐயோ தொரே” என்று கத்தினார். பையிலிருந்து முருங்கைக்காயை எடுத்துக் கொடுத்தார். “ஐசி எடு!” குடையை எடுத்துக் கொடுத்தார். “ஐசி எடு!” பிறகு மார்புச் சட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. குழந்தைகள் கதிரையில் ஏறி நின்று கைதட்டினார்கள். மேசையில் மாலை போட்ட படங்கள் அப்படியே இருந்தன.

மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் காய்ச்சல் நாள் நினைவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். “அம்மா, போயிருவோம்” என்றாள். நான் எழுந்தேன். எழுந்தது போவதற்காகத்தான். ஆனால் எழுந்த பிறகு போகத் தோன்றவில்லை.

“முதலாளி, ஒண்ணு கேக்கணும்” என்றேன், சிங்களத்தில். பாடசாலையில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, மைக் வேண்டியிருக்கவில்லை. “அந்தப் பொம்பள எங்க போய்க்கிட்டிருந்தா?”

அவர் சால்வைக்குள்ளிருந்து முழித்தார். “எந்தப் பொம்பள?”

“இப்ப நீங்க ஆடிக் காட்டினீங்களே, அந்தப் பொம்பள. எங்க போறா? ஆஸ்பத்திரிக்கா? புள்ளையத் தேடியா? யாரும் செத்த வீட்டுக்கா?”

“அனே மிஸ், இது சும்மா ஜோக்குத்தானே.”

“ஜோக்குன்னா எனக்கும் வெளங்கணும் இல்லையா? வெளங்கல. அதான் கேக்குறேன். அவ எங்க போறா?”

அறிவிப்பாளர் பாட்டு ஒன்றைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். அதற்குள் என் கணவர் பொய்க்காலை இழுத்துக்கொண்டு மேடைக்கு ஏறி மைக்கை வாங்கிவிட்டார். எப்போதும் கதை சொல்லத் தொடங்கும் அதே சிரிப்பு முகத்தில் இருந்தது.

“எங்க மிஸ் கேட்டதுக்கு முதலாளிக்குப் பதில் தெரியாது. அவர் அங்க இருக்கல. நான் இருந்தேன்” என்றார். “ஒரு நாள் ஒரு வயசான அம்மா வந்தா. கையில மருந்துப் போத்தல். எங்க ஆள் ஒருத்தன் ஐசி எடுன்னு கத்தினான். அவ ஐயோன்னு சொல்லல. முருங்கக்கா குடுக்கல. ‘இந்தாங்க மகன்’னு அட்டையத் தலைகீழா நீட்டினா. எழுத்துத் தெரியாது. அவ்வளவுதான். அவ போன பிறகு நாங்க சிரிச்சோம். நானும் சிரிச்சேன். பயத்துல சிரிச்சோமா, எதுக்குச் சிரிச்சோம்னு எனக்கு இன்னைக்கும் சொல்லத் தெரியல.”

அவர் மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“எங்ககிட்ட எல்லாத்துக்கும் ஒரு பேர் இருந்திச்சு. வருஷா வருஷம் சொல்லியிருக்கேன், நீங்களும் சிரிச்சிருக்கீங்க. ஒரு பேர மட்டும் நான் சொல்லல. உங்களுக்கும் நாங்க ஒரு பேர் வச்சிருந்தோம்.” மண்டபத்தைக் கையால் சுற்றிக் காட்டினார். “கேலரி.”

பின்வரிசையில் யாரோ ‘ஹா’ என்றார்கள்.

“நாங்க பங்கருக்குள்ள சேத்துல படுத்திருக்கோம். ஒளிச்சு வச்சிருந்த போன் அடிக்குது. ஊர்லயிருந்து. அம்மாவுக்கு ஏதும் ஆயிருச்சான்னு பதறிப் போய் எடுத்தேன். ஒருத்தர் கேக்குறார்: ‘தம்பி, டவுன எப்ப பிடிப்பீங்க? இந்தக் கெழமைக்குள்ளயா, அடுத்த கெழமையா? பட்டாசு எடுக்கணும், மழையில நனைஞ்சா போயிரும்.’ போன் சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சு. எங்களுக்கு மேல இருந்த சாஜன் சொன்னார், ‘சொல்லு, கேலரியில உக்காந்து பாக்கட்டும், மேட்ச் முடிஞ்சதும் சொல்லி அனுப்புறோம்னு.’ அன்னையிலயிருந்து ஊர்ல இருந்து யார் பேசினாலும் நாங்க கேக்குறது, ‘கேலரியில என்ன சொல்றாங்க?’ அந்தச் சாஜன் நாலாம் நாள் பார்சல்ல போனார்.”

பட்டாசுக்காரர் யார் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் சந்தியில் பட்டாசு வாங்கியது யார் என்று தெரியாதவர்கள் அந்த மண்டபத்தில் இல்லை.

முதலில் சிரித்தது பின்வரிசை. முன்னாள் சிப்பாய்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். வில்கமுவவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்த அந்தப் பழைய ஆஸ்பத்திரி நண்பர் தொடையில் அடித்து அடித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “கேலரி! கேலரி!” என்று அவர்களுக்குள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா மட்டும் மெதுவாகத் திரும்பி, இன்னும் தலையில் சால்வையோடு நின்ற முதலாளியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முதலாளி சால்வையை எடுத்து மடித்து, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டார்.

பிறகு பாட்டுப் போட்டார்கள். தேநீரும் ரோல்ஸும் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் யாரும் வரவில்லை.

முச்சக்கர வண்டியில் வரும்போது மகள் அப்பாவோடு சண்டை பிடித்தாள். அப்பாவைச் சிங்களத்தில் ‘தாத்தி’ என்றுதான் கூப்பிடுவாள். பேச்சும் சிங்களம்தான், கோபம் வந்தால் மட்டும் பேச்சு தமிழுக்கு மாறும். “தாத்தி, நீங்களும் சிரிச்சீங்க இல்லையா? அந்த அம்மா போன பிறகு?”

“சிரிச்சேன்னுதானே சொன்னேன்.”

“இவ்வளவு வருஷமா மேடையில ஏறி அவங்கள சிரிக்க வச்சீங்க. அதனாலதான் அந்தாளுக்கு அவ்வளவு தைரியம் வந்துச்சு.”

அவர் பொய்க்காலின் பட்டியைத் தளர்த்திவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் அவருக்காகப் பேசவில்லை. அவள் கேட்டது நியாயம். வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றும்போது, “அங்க சிரிக்காட்டி இருந்திருக்கவே ஏலாது” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். “அத நான் கேக்கல. அந்த அம்மாவப் பாத்துச் சிரிக்கணுமா?” என்றேன். “வேணாம்தான்” என்றார்.

அடுத்த நாள் முதலாளியின் மனைவி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதிரை போட்டேன். “மிஸ், நாலு பேருக்கு முன்னால கேட்டிருக்கத் தேவையில்ல. வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம்” என்றார். நாலு பேருக்கு முன்னால் ஆடியது யார் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. விளங்காத மாதிரி இருந்தாரோ தெரியாது. “அவர் நல்ல மனுஷன், தமிழாக்களுக்கும் கடன் குடுக்குறார்” என்றார். வாழைப்பழத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் வீட்டுக்கு வந்த ஒருவரை அப்படி அனுப்பியது அதுதான் முதல் தடவை. சண்டை முடிந்த அன்று சந்தியில் தின்ற ஒரு வாய்ப் பாற்சோறு தொண்டையில் இன்னும் இருக்கும்போது, இதையும் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கம்பக்கத்தில் நான்தான் குற்றவாளி. நல்ல கூட்டத்தைக் கெடுத்தவள், செத்த பிள்ளைகளின் நினைவு நாளில் சண்டை போட்டவள். மார்புச் சட்டைக்குள் கைவிட்டு ஆடியவரைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை கொஞ்ச நாள் காலியாகவே வந்தது.

எங்களைப் பார்க்க வந்தவர் அந்த வில்கமுவ நண்பர் மட்டும்தான். ஒரு நாள் மத்தியானம் மோட்டார் சைக்கிளில் புது நெல் அரிசி ஒரு பையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். சோறு சமைத்துப் போட்டேன். அவரும் கணவரும் முற்றத்தில் உட்கார்ந்து, எனக்கு இன்றுவரை விளங்காத சொற்களில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இடையில் சாஜனின் பேச்சு வந்ததும் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். போகும்போது அவர் என்னிடம், “மிஸ், அந்தப் போன் பேச்ச இத்தன வருஷமும் நாங்க வீட்ல பொண்டாட்டிமாருக்குக் கூடச் சொல்லல. ஊர்க்காரங்க மனசு நோகுமேன்னு” என்றார். ஊர்க்காரர்களின் மனசு! அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை அவர் மேல் காட்ட முடியவில்லை. பாதி அரிசியை வழியில் சித்தி மகள் வீட்டில் கொடுக்கச் சொன்னேன். அவள் இப்போது நாவுலப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கொடுத்துவிட்டே போனார்.

இந்த வருடக் கூட்டத்துக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. கணவர் அன்று கோழிக்கூட்டுக்கு வலை அடித்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது, எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

வஹகோட்டைக் கோவில் திருவிழாவில் முதலாளியைக் கண்டேன். பௌத்தராக இருந்தாலும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த வருடந்தோறும் வருவார். வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

“என்ன மிஸ், இன்னும் கோவமா? சும்மா ஒரு ஜோக்குக்கு!”

“ஆமா முதலாளி, இன்னும் கோவந்தான்” என்றேன்.

அவர் சிரிப்போடு நின்றார். நான் சிரிக்கவில்லை. வரிசை நகர்ந்தது. அவர் முன்னால் போய் மெழுகுதிரியைக் கொளுத்தினார், அவருக்குப் பின்னால் நானும் கொளுத்தினேன்.